பழைய மிடில்வேரிலிருந்து புதியதற்கு மாறுவது எப்படி: நான் தடுக்கி விழுந்த இடங்களோடு

ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தரவைக் கடத்தும் நடுவாள்தான் மிடில்வேர். அப்படி ஒரு டூலான எஸ்ஏபி பிஐ-யில் ஒன்பது வருடம் இன்டர்ஃபேஸ் (இரண்டு சிஸ்டங்களை இணைக்கும் பாதை) கட்டினேன். ஒரு நேர்காணலில், "அந்த டூலை எடுத்துவிட்டால் உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். பதில் வரவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன், வேலை கிடைக்கவில்லை. அதன்பிறகு நாலு மாதம் மாலை நேரங்களில் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏதாவது ஒரு மொழியில் ஐம்பது வரி எழுத வரும், கணினியில் டாக்கர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். அவற்றை விளக்கப் போவதில்லை.

படி 1: உங்கள் டூலுக்கு ஆயுள் எவ்வளவு?

பத்து நிமிட வேலை. பிஐ-யின் அடுத்த வடிவமான எஸ்ஏபி பிஓ 7.5-க்கு வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது; தனியாகப் பணம் கட்டினால் 2030 வரை நீளும். மற்ற மிடில்வேர்களையும் பாருங்கள்: மைக்ரோசாஃப்டின் பிஸ்டாக் சர்வரில் 2020 பதிப்புதான் கடைசி. வெப்மெத்தட்ஸ் 2007-இல் சாஃப்ட்வேர் ஏஜி கைக்குப் போனது, 2024-இல் ஐபிஎம் கைக்கு வந்தது. மியூல்சாஃப்டை 2018-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்கியது. மறுபக்கம், 1993-இல் வந்த ஐபிஎம்-இன் எம்க்யூ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தேதியைப் பார்த்துப் பதற வேண்டாம். பராமரிப்பு முடியப்போகும் டூலைச் சுற்றித்தான் மைக்ரேஷன் வேலை (புதியதற்கு மாற்றும் வேலை) குவியும். பழைய இன்டர்ஃபேஸைத் திறந்து "இது எதற்காக இப்படிக் கட்டப்பட்டது" என்று சொல்லத் தெரிந்த ஆள் அங்கே வேண்டும். புதியதை மட்டும் படித்தவரால் அது முடியாது.

படி 2: செய்த வேலையை டூல் பெயர் இல்லாமல் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, நீங்கள் கட்டிய இன்டர்ஃபேஸ்களில் பத்தை எழுதுங்கள். "ஐடாக்கை வாங்கி மெசேஜ் மேப்பிங் போட்டு ரிசீவர் டிடர்மினேஷன் வைத்தேன்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். "ஆர்டரில் உள்ள கிடங்குக் குறியீட்டைப் பார்த்து, மூன்று சிஸ்டங்களில் சரியானதற்கு அனுப்பினேன்" என்று எழுதுங்கள். இதற்கு கன்டென்ட் பேஸ்டு ரவுட்டர் என்று பெயர். ஒரு பெரிய கோப்பை வரி வரியாகப் பிரித்து அனுப்பியது ஸ்ப்ளிட்டர். நாள் முழுக்க வந்த விலைப்பட்டியல்களைச் சேர்த்து ராத்திரி ஒரே கோப்பாக அனுப்பியது அக்ரிகேட்டர்.

இந்தப் பெயர்கள் நான் வைத்தவை அல்ல. கிரகர் ஹோப், பாபி வுல்ஃப் இருவரும் 2003-இல் இப்படி 65 வடிவங்களைத் தொகுத்துப் பெயர் கொடுத்தார்கள். சிஸ்டங்களை இணைக்க உதவும் அப்பாச்சி கேமல் என்ற டூலைத் திறந்தால் ஸ்ப்ளிட், அக்ரிகேட் என்று அதே சொற்கள் கட்டளைகளாகவே இருக்கும். நான் கட்டியவற்றில் நாற்பதை எழுதிப் பார்த்தேன். எல்லாம் ஆறு வடிவங்களுக்குள் அடங்கிவிட்டன. கொஞ்சம் வருத்தம், நிறைய நிம்மதி.

படி 3: ஒரே ஒரு ஃப்ளோவைக் கையால் கட்டுங்கள்

பத்தில் எளியதை எடுங்கள். ஆர்டரை அனுப்பும் ஒரு சிறு நிரல், நடுவில் ஒரு க்யூ (மெசேஜ்கள் வரிசையில் காத்திருக்கும் இடம்), அங்கிருந்து எடுத்து ஆர்டர் சர்வீஸை அழைக்கும் இன்னொரு நிரல், அந்த சர்வீஸுக்குப் பின்னால் ஒரு டேட்டாபேஸ். அவ்வளவுதான்.

க்யூவுக்கு ராபிட்எம்க்யூ போதும். காஃப்கா என்ற பெரிய மெசேஜ் சிஸ்டத்தில் ஆரம்பிக்காதீர்கள். காஃப்கா நல்லதுதான், ஆனால் முதல் வாரம் முழுவதும் பார்ட்டிஷன், ஆஃப்செட் என்று அதைப் பற்றியே படிப்பீர்கள், சிஸ்டங்களை இணைக்கும் இன்டக்ரேஷனைப் படிக்க மாட்டீர்கள். டாக்கரில் எடுக்கும்போது பெயரில் மேனேஜ்மென்ட் என்று உள்ள இமேஜை எடுங்கள். இல்லாவிட்டால் 15672 போர்ட்டில் ராபிட்எம்க்யூவின் நிர்வாகத் திரையே வராது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை போனது. ஏபிஐ சோதிக்க போஸ்ட்மேன் வேண்டும் என்பவர்கள் வைத்துக்கொள்ளுங்கள்; எனக்குக் கட்டளை வரியில் ஓடும் கர்ல்தான் பிடிக்கும், எழுதிய கட்டளையை ஒரு கோப்பில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

படி 4: இப்போது அதை உடையுங்கள்

இங்கேதான் நான் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டேன். இங்கேதான் உண்மையில் எதையாவது கற்றுக்கொண்டேன்.

ஆர்டர் சர்வீஸ் ஆர்டரைப் பதிவு செய்துவிட்டு, பதில் சொல்லும் முன் 40 விநாடி தூங்கும்படி எழுதுங்கள். அழைக்கும் நிரலுக்கு 30 விநாடி டைம்அவுட் வையுங்கள். என்ன ஆகும்? 30-ஆவது விநாடியில் "போகவில்லை" என்று நினைத்து மறுபடி அனுப்பும். டேட்டாபேஸில் ஒரே ஆர்டர் இரண்டு தடவை. நிஜத்தில் அது வாடிக்கையாளரின் வாசலில் வந்து இறங்கும் இரண்டு பெட்டி.

பிஐ-யில் "எக்ஸாக்ட்லி ஒன்ஸ்" என்று ஒரு தேர்வு உண்டு, அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். உள்ளே மெசேஜ் ஐடியை வைத்து இரட்டிப்பைத் தடுத்துக்கொண்டிருந்தது அந்த டூல்தான் என்று ஒன்பது வருடம் யோசித்ததே இல்லை. இப்போது அந்த வேலை நம் தலையில்.

தீர்வு எளிதாகத் தெரியும்: ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி ஐடி கொடு, பார்த்த ஐடி மறுபடி வந்தால் ஒதுக்கு. அப்படித்தான் எழுதினேன். அப்புறமும் இரட்டை ஆர்டர் விழுந்தது. லாகைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகுதான் புரிந்தது: ஐடி உருவாக்கும் வரியை, மறுபடி மறுபடி அனுப்பும் ரீட்ரை லூப்புக்கு உள்ளே வைத்திருந்தேன்! ஒவ்வொரு முயற்சிக்கும் புது ஐடி பிறந்தால் எதிர்ப்பக்கம் எப்படி அடையாளம் காணும்? ஐடி ஆர்டருக்கு உரியது, முயற்சிக்கு உரியது அல்ல. ஆர்டர் முதன்முதலில் பிறக்கும் இடத்தில் ஒரு தடவை உருவாக்குங்கள், கடைசிவரை அதையே கொண்டுபோங்கள்.

அதைச் சரி செய்ததும் அடுத்தது. எதிர்ப்பக்கத்தில் "பார்த்த ஐடிகள்" என்று ஒரு டேபிள் வைத்து, முதலில் ஐடியை எழுதி கமிட் செய்துவிட்டு (நிரந்தரமாகப் பதிந்துவிட்டு), பிறகு ஆர்டரை எழுதினேன். நடுவில் நிரலை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன். ஐடி இருக்கிறது, ஆர்டர் இல்லை. மறுபடி வந்தபோது "இதைப் பார்த்துவிட்டேன்" என்று தள்ளிவிட்டது. இரட்டிப்பைவிட இது மோசம், ஆர்டர் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. ஐடியும் ஆர்டரும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் விழ வேண்டும், அதாவது பதிந்தால் இரண்டும் பதிய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் கூடாது. டேபிளில் ஐடி உள்ள நெடுவரிசைக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு தடவை வரக்கூடாது என்பது) இருக்க வேண்டும், அப்போதுதான் ஒரே நேரத்தில் இரண்டு வந்தாலும் டேட்டாபேஸே ஒன்றைத் தடுக்கும். க்யூவுக்கு அக்னாலட்ஜ்மென்ட் (இந்த மெசேஜை முடித்துவிட்டேன் என்ற ஒப்புதல்) கொடுப்பது சர்வீஸிடமிருந்து வெற்றி என்று பதில் வந்த பிறகுதான்.

எல்லாப் பிழைக்கும் மறுமுயற்சி செய்யாதீர்கள். 503 (சர்வீஸ் இப்போது கிடைக்கவில்லை), 429 (அளவுக்கு மீறி அழைக்கிறீர்கள்) வந்தால் காத்திருந்து அனுப்பலாம்: 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே. 400 வந்தால் அனுப்பும் தரவே தப்பு, நூறு தடவை அனுப்பினாலும் அதே பதில்தான்.

படி 5: ரெஸ்யூமேயை மாற்றுங்கள்

டூல் பட்டியலைக் கீழே தள்ளி, படி 2-இல் எழுதிய வாக்கியங்களை மேலே வையுங்கள். படி 4-இல் எப்படி உடைந்தது, எப்படிச் சரி செய்தீர்கள் என்பதை இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். அடுத்து நான் போன நேர்காணலில் ஐடியை லூப்புக்குள் வைத்த கதையைத்தான் சொன்னேன். கேட்டவர் சிரித்துவிட்டு, தானும் அதே தப்பைச் செய்ததாகச் சொன்னார்.

சான்றிதழ் வேண்டாமா? வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த டூலில் வேலை என்று தெரிந்த பிறகு எழுதுங்கள். முன்கூட்டியே மூன்று சான்றிதழ் வாங்கி வைப்பதை நான் காசு விரயம் என்றே நினைக்கிறேன்.

சேர்த்தது 1: "மேப்பிங்கை எல்லாம் ஏஐ எழுதிவிடுகிறதே, இதெல்லாம் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். மேப்பிங்கை, அதாவது ஒரு சிஸ்டத்தின் ஃபீல்டுகளை மற்றதன் ஃபீல்டுகளோடு பொருத்துவதை, அது எழுதுகிறது, நானும் பயன்படுத்துகிறேன். பழைய எக்ஸ்எஸ்எல்டி (எக்ஸ்எம்எல் தரவை வேறு வடிவத்துக்கு மாற்றும் நிரல்) ஒன்றைக் கொடுத்து என்ன செய்கிறது என்று கேட்பதற்கு ரொம்ப உதவி. ஆனால் இரண்டு சிஸ்டத்திலும் "டெலிவரி தேதி" என்று ஒரே பெயரில் ஃபீல்டு இருக்கும்; ஒன்றில் அது கிடங்கை விட்டுக் கிளம்பும் நாள், மற்றொன்றில் போய்ச் சேரும் நாள். அந்த வித்தியாசம் எந்த ஆவணத்திலும் இருக்காது. அந்தந்த சிஸ்டத்தை வைத்து வேலை செய்பவரிடம் கேட்டால்தான் தெரியும்.

சேர்த்தது 2: படி 4-ஐச் செய்த மூன்று பேர், ஒரே மெசேஜ் சுற்றிச் சுற்றி வந்து சிபியு எகிறுகிறது என்று எழுதியிருந்தார்கள். பிழை வந்ததும் மெசேஜை க்யூவுக்கே திருப்பி அனுப்பும்படி வைத்திருப்பீர்கள். அது உடனே மறுபடி உங்களிடமே வரும், மறுபடி தோற்கும். அப்படித் திருப்பி அனுப்பும் ரீக்யூ அமைப்பை ஃபால்ஸ் ஆக்கி, தோற்றவை போய்ச் சேர ஒரு டெட் லெட்டர் க்யூ வையுங்கள். ஏற்கெனவே உள்ள க்யூவை அதே பெயரில் புது அமைப்போடு அறிவித்தால் 406 என்ற பிழையைச் சொல்லி சேனல் (ராபிட்எம்க்யூவோடு உங்கள் நிரல் பேசும் இணைப்பு) மூடிக்கொள்ளும். சோதனைக்கு வைத்த க்யூதானே, 15672 திரைக்குப் போய் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.