சால்டரிங் பழகுவோருக்கு: அயர்ன், முனை, ஈயம்

மின்னணுப் பலகையில் சால்டரிங், அதாவது உதிரிகளை உருகிய ஈயத்தால் இணைக்கும் வேலை, பழக 25 வாட் அயர்ன் (ஈயத்தை உருக்கும் சூட்டுக்கோல்) போதும். ஆயினும் சிறிது கூடுதலாகச் செலவிட இயலுமானால், வெப்பநிலையை மாற்றியமைக்கக்கூடிய 60 வாட் அயர்னையே பரிந்துரைப்பேன். சாதாரண அயர்னில் வெப்பத்தைக் கட்டுப்படுத்த வழியில்லாததால், சும்மா வைத்திருக்கும்போது முனை அளவுக்கு மீறிச் சூடாகிக் கருத்துவிடுகிறது. அகலமான செப்புப் பரப்பைத் தொட்டாலோ அதுவே சட்டென ஆறிவிடுகிறது. பெரும்பாலும் அயர்னுடன் வரும் ஊசி முனை நுண்ணிய வேலைக்கு ஏற்றதாகத் தோன்றினாலும், அது தொடும் பரப்பு மிகச் சிறியதாகையால் சூடு எளிதில் இறங்காது. 2 மி.மீ. அகலமுள்ள உளி முனையை மாட்டிக்கொண்டால் தொடக்கச் சிரமத்தில் பாதி தீர்ந்துவிடும்.

ஈயக் கம்பியில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்து, நடுவே ரோசின் ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்டுவதற்காக உலோகப் பரப்பைத் தூய்மையாக்கும் பிசின்) அடைத்த 0.8 மி.மீ. கம்பி பழகுவதற்கு மிக இணக்கமானது. அது 183 டிகிரி செல்சியஸில் ஒரேயடியாக உருகி, ஒரேயடியாக உறையும். 60-40 கலவையோ ஏறத்தாழ 190 டிகிரி வரை கூழ் போன்ற நிலையில் இருப்பதால், ஆறும் நேரத்தில் கை அசைந்தால் இணைப்பு கெடும். குழாய் வேலைக்கான அமில பேஸ்ட்டைப் பலகையில் ஒருபோதும் தடவக் கூடாது. அது செப்பை அரித்துவிடும்.

அயர்னை 350 டிகிரியில் வைத்து, ரெசிஸ்டரின் (மின்தடை உதிரியின்) காலும் பலகையின் செப்பு வட்டமும் சேருமிடத்தில் இரண்டையும் தொடுமாறு முனையைச் சாய்த்துப் பிடியுங்கள். ஓரிரு நொடி கழித்து, கம்பியை முனையில் வைக்காமல் எதிர்ப்பக்கமாகக் காலின் அடியில் கொடுங்கள். சூடு போதுமானதாக இருந்தால், ஈயம் தண்ணீர் போல வட்டம் முழுவதும் பரவி, காலைப் பற்றி ஏறி, சிறு எரிமலை வடிவில் பளபளப்புடன் நிற்கும். முதலில் கம்பியையும் பிறகு அயர்னையும் எடுத்து, ஈயம் உறையும்வரை பலகையை அசைக்காதிருங்கள். நான் முதலில் கோத்த ரேடியோ தட்டினால் மட்டுமே பாடியது. ஈயத்தை முனையில் உருக்கிக் கால்மீது சொட்டவிட்டதால், அது ஒட்டாமல் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. அத்தகைய இணைப்பில் மேலும் ஈயம் சேர்ப்பது பயன்தராது. சிறிது ஃபிளக்ஸ் தடவி மறுபடி சூடாக்க வேண்டும்.

எழும் புகை ஃபிளக்ஸிலிருந்து வருவது. நுரையீரலை உறுத்தும் என்பதால் சன்னலோரம் அமருங்கள். காரீயம் விரல்வழியே வாய்க்குச் செல்லும். சாப்பிடும் முன் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். அயர்னை அணைக்கும் முன் முனையைப் பித்தளைச் சுருளில் துடைத்து, புதிய ஈயத்தைத் தாராளமாகப் பூசி, அப்படியே ஆறவிடுங்கள்.