பாட்டு ஒன்று, சொத்து இரண்டு: லேபிள் கணக்கில் சறுக்கும் இடங்கள்

யுனிவர்சல், சோனி, வார்னர் என்று பெரிய லேபிள்களின், அதாவது இசை வெளியீட்டு நிறுவனங்களின், பேச்சு வந்தால், "பாட்டே அவங்களுதுதானே" என்பார்கள். முதல் சறுக்கல் அங்கேதான். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரியும் ஒன்று. ஸ்டுடியோவில் பதிவான ஒலி, அதாவது மாஸ்டர், இன்னொன்று. 2019-ல் டெய்லர் ஸ்விஃப்டின் முதல் 6 ஆல்பங்களின் மாஸ்டர்கள் அவர் விருப்பத்துக்கு மாறாகக் கைமாறின. எழுதியவர் என்ற உரிமை அவரிடம் இருந்ததால், அந்தப் பாடல்களை மறுபடி பாடிப் புது மாஸ்டர்களை உண்டாக்கத் தொடங்கினார். பழையவற்றை விலை கொடுத்து மீட்க 2025 ஆகிவிட்டது.

லேபிள் முன்கூட்டியே தரும் அட்வான்ஸைச் சம்பளம் என்று நினைப்பவர்களும் உண்டு. அது வரப்போகும் ராயல்டியில், அதாவது பாட்டு ஈட்டும் காசில் கலைஞருக்குச் சேரும் பங்கில், கழிக்கப்படும் தொகை. வீடியோச் செலவும் பல ஒப்பந்தங்களில் அதே கணக்கில் ஏறும். எது எது கழியும் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆனால் சத்தமில்லாமல் காசு தொலைவது தகவல் பிழையில்தான். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 இடக் குறியீடு உண்டு: முதல் 5 இடம் அதை வழங்கியவருக்கு, அடுத்த 2 ஆண்டுக்கு, கடைசி 5 வரிசை எண்ணுக்கு. ரீமிக்ஸுக்கும் லைவ் பதிவுக்கும் ஒரிஜினலின் குறியீட்டையே போட்டால் கணக்கு கலந்துபோகும். இதற்கு நேர்மாறான தவறு, டிஸ்ட்ரிபியூட்டரை (பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தருபவரை) மாற்றும்போது அதே பதிவுக்குப் புதுக் குறியீடு வாங்குவது. சேர்த்த ஸ்ட்ரீம் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்தில் தொடங்கக்கூடும்.

பெயர் விஷயமும் அப்படித்தான். ஒரே கவிஞர் ஒரு ஆல்பத்தில் இனிஷியலோடு, இன்னொன்றில் இல்லாமல். ஆங்கிலத்தில் எழுதும்போது 'ழ' ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வேஷம் போடும். கம்ப்யூட்டருக்கு அவர் நாலு பேர். அமெரிக்காவில் 2021-ல், உரியவரோடு பொருத்த முடியாமல் தேங்கிக் கிடந்த சுமார் 42.4 கோடி டாலரை ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள், மெட்டு-வரிக்கான ராயல்டியை வாங்கி உரியவர்களுக்குப் பிரித்துத் தரும் மெக்கானிக்கல் லைசென்சிங் கலெக்டிவ் என்ற அமைப்பிடம் ஒப்படைத்தன. அத்தனையும் மெட்டுக்கும் வரிக்கும் சேர வேண்டிய பணம்.

டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகப் பாட்டை ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று நம் ஊர் சுயாதீனக் கலைஞர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து வருவது பெரும்பாலும் மாஸ்டருக்கான காசு மட்டும். மெட்டுக்கும் வரிக்கும் உரியதை வாங்க, இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற இந்திய அமைப்பில் தனியாகப் பதிய வேண்டும். அதற்கு முன், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஸ்டுடியோவை விட்டு இறங்குவதற்குள் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு ஹிட்டான பிறகு எல்லோருக்குமே 50 சதவீதம் எழுதிய ஞாபகம் வந்துவிடும்.