காடாத் துணி, ஒரே ஒரு நிறம்: குறைந்த செலவில் நாமே ஸ்டென்சில் போடும் ஜன்னல் ஸ்க்ரீன்

கடையில் தைத்து மடித்து வைத்திருக்கும் ஸ்க்ரீன்களில் விலை குறைந்தவை பெரும்பாலும் பாலியஸ்டர்தான், நல்ல பருத்தி வேண்டும் என்று கேட்டால் விலை சட்டென்று ஏறிவிடும், அதையும் வீட்டிலிருக்கும் நாலைந்து ஜன்னல்களுக்குப் பெருக்கிப் பார்த்தால் இப்போதைக்கு வேண்டாம் என்று திரும்பி வந்துவிடுவோம். அப்படித் திரும்பி வர வேண்டியதில்லை. காடாத் துணி கொஞ்சம், ஒரு பாட்டில் ஃபேப்ரிக் பெயின்ட், ஜெராக்ஸ் கடையில் ஒரு பிளாஸ்டிக் ஷீட், இவ்வளவு இருந்தால் போதும். அந்த ஷீட்டில் வடிவத்தை ஓட்டையாக வெட்டி, துணிமேல் வைத்து, ஓட்டை வழியாகப் பெயின்ட் ஒற்றுவதுதான் ஸ்டென்சில். படம் வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இது புரிந்தால் செலவும் வேலையும் பாதியாகக் குறையும். ஸ்க்ரீனுக்குப் பகல் முழுக்க பின்பக்கத்திலிருந்துதான் வெளிச்சம் வருகிறது. அப்படி வரும்போது நீங்கள் பார்த்துப் பார்த்துப் பூசிய மஞ்சள், இளம்பச்சை, ரோஸ் எல்லாம் தன் நிறத்தை இழந்து கிட்டத்தட்ட ஒரே மாதிரி சாம்பல் நிழலாகத்தான் தெரியும், கண்ணில் நிற்பது வடிவம் மட்டும்தான். அதனால் ஆறு நிறம் உள்ள பெட்டியை வாங்காதீர்கள், அடர்த்தியான ஒரே ஒரு நிறத்தைப் பெரிய பாட்டிலாக வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டிலிருக்கும் பழைய பெயின்ட் எதையாவது ஒரு துண்டுத் துணியில் தொட்டு வைத்து, காய்ந்ததும் மத்தியான வெளிச்சத்தில் ஜன்னல் கம்பிமேல் போட்டுப் பாருங்கள், நான் சொல்வது உடனே தெரிந்துவிடும். என் விருப்பம் காவி. கோலத்துக்குச் செம்மண் இடுகிற அதே நிறம்தான், காடாவின் பழுப்பு வெள்ளையோடு அவ்வளவு நன்றாகப் பொருந்தும், மண் நிறமியில் செய்த பெயின்ட் என்றால் வெயிலுக்கும் சீக்கிரம் வெளுக்காது. அடர் நீலம், கறுப்பு, காப்பிப்பொடி நிறம் இவையும் சரி. பளீரென்று இருக்கும் ஃப்ளோரசன்ட் நிறங்களை மட்டும் தொடாதீர்கள், மேற்கு பார்த்த ஜன்னலில் அவை சீக்கிரமே வெளுத்துப்போகும்.

சரி, துணி. காடா என்பது வெளுக்காத, சாயம் போடாத பருத்தி, ஜவுளிக்கடையில் கோரா என்று கேட்டாலும் தருவார்கள். 36 அங்குலம், 44 அங்குலம், அதற்கும் மேல் என்று பல அகலங்களில் வரும். சென்னையில் கோடவுன் தெரு, ஈரோட்டில் வாராவாரம் கூடும் ஜவுளிச் சந்தை, இப்படி மொத்தமாக விற்கும் இடத்துக்குப் போக முடிந்தால் நல்லது. கரூர்ப் பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அங்கே வீட்டு உபயோகத் துணிகள் நெய்து ஏற்றுமதி செய்வதே பெரிய தொழில் என்பதால், மிஞ்சிப்போன கட் பீஸ்களை விசாரித்தால் நல்ல அகலத்தில் கிடைக்கும். துணியை ஒருமுறை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து வாங்குங்கள். மெல்லியதாக இருந்தால் வீட்டுக்குள் நடப்பது தெருவுக்குத் தெரியும், அதுவும் இரவில் விளக்குப் போட்டபின்.

துணி வாங்காமலே முடிக்க வேண்டும் என்றால் பீரோவைத் திறந்து பழைய எட்டு முழ வேட்டியைத் தேடுங்கள். குறுக்கே இரண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஆறடி நீளத்துக்குப் பக்கமாக வரும், சாதாரண ஜன்னலுக்கு இரண்டு பக்க ஸ்க்ரீன் தயார். கரை இரண்டு ஓரத்திலும் நீளவாக்கில் இறங்கி வரும், அதுவே ஒரு அழகு, பக்கவாட்டில் மடித்துத் தைக்கும் வேலையும் மிச்சம். பல தடவை துவைத்த துணி என்பதால் இனிமேல் சுருங்காது. ஆனால் வேட்டி மெல்லிசு, மாடியிலோ சமையலறையிலோ போடலாம், தெருவைப் பார்த்த கீழ்வீட்டுப் படுக்கையறைக்கு வேண்டாம்.

அளவுக்கு வருவோம். ஜன்னல் 4 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் மேலே 6 அங்குலம், கீழே 6 அங்குலம் சேர்த்து ஸ்க்ரீன் 60 அங்குலம். மேலே கம்பி நுழைய 4, அடியில் மடித்துத் தைக்க 4, ஆக 68. துவைக்காத காடா பத்தில் ஒரு பங்குவரைகூடச் சுருங்கும், ஆகவே ஒரு பக்கத்துக்கு 2 மீட்டர், இரண்டு பக்கத்துக்கு 4 மீட்டர். அகலத்துக்கு, கம்பியின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு துணி இருந்தால் போதும். இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு என்று சொல்வார்கள், அது டிசைன் இல்லாத துணிக்குச் சரி, நீங்கள் உட்கார்ந்து போட்ட பூவெல்லாம் கொசுவத்துக்குள் போய் ஒளிந்துகொண்டால் என்ன பிரயோஜனம்?

வாங்கி வந்ததும் வெட்டாதீர்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் நன்றாக அலசுங்கள். காடாவில் நெசவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும், அது போகாவிட்டால் பெயின்ட் நூலுக்குள் இறங்காமல் மேலாகவே உட்கார்ந்து, பின்னால் துவைக்கும்போது செதில் செதிலாக உதிரும். கஞ்சி போய்விட்டதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: காய்ந்த துணிமேல் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சிப் பரவினால் துணி தயார். முத்தாக நின்று உருண்டால் இன்னொரு தடவை துவைக்க வேண்டும். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் கண்டிஷனரை இந்தத் தடவை ஊற்றாதீர்கள், அதுவும் பெயின்ட்டைப் பிடிக்கவிடாது. அப்புறம் சுருக்கம் இல்லாமல் இஸ்திரி போட்டு, பிறகு அளந்து வெட்டுங்கள்.

இனி ஸ்டென்சில். கடையில் விற்கும் தகடுகள் பெரும்பாலும் சின்னவை, ஒரு முழு ஸ்க்ரீனுக்கு அவை எடுபடாது. ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் புத்தகத்தின் மேலே போடுவார்களே தெளிவான பிளாஸ்டிக் ஷீட், அதை வாங்குங்கள். கண்ணாடி மாதிரித் தெரிவதால் அடியில் படத்தை வைத்து அப்படியே மார்க்கரால் நகல் எடுக்கலாம், துணிமேல் வைக்கும்போதும் முந்தைய அச்சு எங்கே முடிகிறது என்று பார்த்து வைக்கலாம். முதலில் உள்ளே இருக்கும் சின்ன ஓட்டைகளை வெட்டுங்கள், பெரிய வடிவங்களைக் கடைசியில். பெரியதை முதலில் வெட்டினால் ஷீட் தொளதொளத்துப்போய் சின்னதை வெட்டும்போது கிழியும். வளைவு வரும் இடத்தில் கட்டரைத் திருப்பாமல் ஷீட்டைத் திருப்புங்கள், கோடு உடையாமல் வரும். அடியில் கெட்டியான அட்டை ஒன்று வைத்துக்கொண்டால் தரையும் தப்பும், பிளேடும் மழுங்காது.

எந்த வடிவம் என்பதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நமக்கு முதலில் தோன்றுவது கோலம், அதிலும் சிக்குக் கோலம். அதன் கோட்டை அப்படியே வெட்டினால் புள்ளியைச் சுற்றி மூடிக்கொள்ளும் ஒவ்வொரு கண்ணியும் தனித்துண்டாக விழுந்துவிடும், கடைசியில் ஷீட்டில் மிஞ்சுவது ஒரு பெரிய ஓட்டை. நடுவில் நிற்க வேண்டிய எந்தத் துண்டும் வெளியோடு குறைந்தது இரண்டு இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், அந்த ஒட்டு நாலு மில்லிமீட்டராவது அகலம் வேண்டும். ஜப்பானில் கிமோனோத் துணிக்கு அச்சுப் போடுகிற கத்தகாமி காகிதங்களில் இதே சிக்கலுக்காக மெல்லிய பட்டு நூலைக் குறுக்கே ஓட்டிப் பிடித்து வைப்பார்கள், நமக்கு அந்த வித்தை தேவையில்லை, ஒட்டு விட்டு வெட்டினால் போதும். கோலம்தான் வேண்டும் என்றால் கோட்டைத் தொடர்ச்சியாக ஓடவிடாமல், வளைவு வளைவாக நறுக்கி, ஒவ்வொரு வளைவுக்கும் நடுவே சின்ன இடைவெளி விடுங்கள். பின்னால் வெளிச்சம் படும்போது அந்த இடைவெளிகளைக் கண்ணே சேர்த்துக்கொள்ளும், கோலம் முழுசாகத் தெரியும்.

முதல் முறை செய்பவர்களுக்கு இன்னும் சுலபமானவை இருக்கின்றன. டெம்பிள் பார்டர் புடவையில் வரும் முக்கோண வரிசை, மாங்காய், வேப்பிலை, தாமரை இதழ், மதுரைச் சுங்குடியில் வருவது போன்ற புள்ளிக் கூட்டம். இவற்றில் நடுத்துண்டு என்ற தொல்லையே இல்லை. துணி முழுக்க நிரப்ப நினைக்காதீர்கள். அடியிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு அடர்த்தியாகப் போட்டு, மேலே போகப் போகக் குறைத்து, மேல்பாதியை வெறுமையாக விட்டுவிடுங்கள். பெயின்ட் குறையும், துணியும் விறைக்காமல் நன்றாக விழும்.

தரையில் ஒரு பழைய போர்வையை விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் உதவாத வெள்ளைத் துணி, அதற்கும் மேலே நம் துணி. நியூஸ்பேப்பர் போட வேண்டாம், ஈரம் பட்டால் அதன் மை ஏறும். அடியில் தையலுக்கு விட்ட 4 அங்குலத்தை மடித்து இஸ்திரிப் பெட்டியால் ஒரு கோடு அழுத்திக்கொள்ளுங்கள், பென்சில் தேவையில்லை, அந்த மடிப்புக் கோடுதான் எல்லை, அதற்கு மேலேதான் அச்சு வர வேண்டும். தைத்தபின் அச்சுப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம், தையல் மேடு இருக்கும் இடத்தில் ஷீட் படியாது. அகலத்தை அளந்து, அச்சு எத்தனை முறை வரும் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள், 40 அங்குலத் துணிக்கு 8 அங்குல அச்சு என்றால் சரியாக ஐந்து. சரியாக வகுபடாவிட்டால், இரண்டு ஸ்க்ரீனும் நடுவில் சந்திக்கும் ஓரத்திலிருந்து தொடங்குங்கள், அரைகுறை அச்சு சுவர்ப்பக்கம் போய்விடும், யார் கண்ணிலும் படாது.

பிரஷ் வேண்டாம், ஸ்பான்ஜ்தான். பாத்திரம் கழுவும் ஸ்பான்ஜில் புதிதாக ஒன்றைக் கட்டைவிரல் அளவுக்கு வெட்டி, துணி மாட்டும் கிளிப்பில் கவ்விக்கொண்டால் அருமையான கைப்பிடி. பெயின்ட் இட்லி மாவுப் பதத்தில் இருக்க வேண்டும், தண்ணீர் சேர்க்கவே கூடாது. ஸ்பான்ஜைப் பெயின்ட்டில் தொட்டதும் நேராகத் துணிக்குப் போகாமல் ஒரு காகிதத்தில் நாலைந்து முறை ஒற்றுங்கள், தொடும்போது ஈரமே இல்லையோ என்று தோன்றுகிற நிலையில்தான் அது சரியான அளவு. ஷீட்டை மாஸ்கிங் டேப்பால் நாலு மூலையிலும் ஒட்டி, இடது கைவிரல்களால் வெட்டின ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்பான்ஜை மேலிருந்து கீழே நேராக ஒற்றுங்கள். தேய்க்கவே கூடாது, தேய்த்தால் பெயின்ட் ஷீட்டுக்கு அடியில் நுழைந்து ஓரம் கசியும். ஓரத்திலிருந்து நடுவுக்கு வாருங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், பதற வேண்டாம், ஐந்து நிமிடம் விட்டு அதே இடத்தில் இன்னொரு மெல்லிய பூச்சு. ஷீட்டை எடுக்கும்போது இழுக்காமல் ஒரு பக்கத்திலிருந்து நேர்மேலே தூக்குங்கள், பின்பக்கத்தை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். ஃபேனை நிறுத்திவிடுவது நல்லது, ஷீட்டின் ஓரத்தைத் தூக்கிவிடும்.

எங்காவது ஒரு சொட்டு விழுந்தால் துணியால் துடைக்காதீர்கள், பரவும். பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் வழித்து எடுத்துவிட்டு அப்படியே காயவிடுங்கள், காய்ந்ததும் அதன்மேல் ஒரு இலையோ புள்ளியோ போட்டுவிட்டால் அதுவும் டிசைனில் சேர்ந்துவிடும். புள்ளி மாதிரி சின்ன அச்சு ஒன்றை இதற்காகவே தனியாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும், மழைக்காலம் என்றால் இரண்டு நாள். பிறகு துணியைக் குப்புறப் போட்டு, மேலே ஒரு மெல்லிய துணி விரித்து, நீராவி இல்லாமல் பருத்திச் சூட்டில் பின்பக்கமாக இஸ்திரி போடுங்கள், ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று, நாலு நிமிடமாவது பெட்டி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பெயின்ட் நிலைப்பது இந்தச் சூட்டில்தான், ஆனால் பாட்டிலில் வேறு நேரம் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பாலியஸ்டர் ஸ்க்ரீனில் இதைச் செய்ய நான் சொல்லாததற்குக் காரணமும் இதுதான், அந்தத் துணி இவ்வளவு சூட்டைத் தாங்காது.

தையல் நேர்த்தையல்தான், மிஷின் இல்லாதவர்கள் கையாலும் தைக்கலாம், அக்கம்பக்கத்தில் தைக்கிறவர்களிடம் கொடுத்தால் உடனே முடிந்துவிடும். மேலே மடித்துக் கம்பி நுழையும் அளவுக்குக் குழாய் மாதிரித் தைப்பதுதான் செலவே இல்லாத வழி, வாடகை வீட்டில் இரண்டு கொக்கியும் ஸ்பிரிங் கம்பியும் போட்டு மாட்டுபவர்களுக்கும் இதுதான் வசதி. ஐலெட் வளையம்தான் வேண்டும் என்றால் ஸ்க்ரீன் கடையில் வளையத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அடித்துத் தருவார்கள், ஒரு பக்கத்துக்கு இரட்டைப்படையில் வருகிற மாதிரி சொல்லுங்கள், 6 அல்லது 8, ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு ஓரம் சுவரைப் பார்த்தும் இன்னொன்று அறையைப் பார்த்தும் திரும்பி நிற்கும்.

இஸ்திரி போட்டு மூன்று நாளாவது கழித்துத்தான் முதல் துவையல். அச்சுப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, பச்சைத் தண்ணீரில், பிரஷ் போடாமல், முறுக்கிப் பிழியாமல், நிழலில் உலர்த்துங்கள். மிச்சப் பெயின்ட்டை மூடி இறுக்கி வையுங்கள், அடுத்த ஜன்னலுக்கும் அதே ஷீட்தான், அதைச் சுருட்டாமல் காலண்டர் அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்துவிடுங்கள்.