ஓய்வுக்கு ஓராண்டு முன்பே, தலைமையாசிரியர்களுக்கு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளித் தலைமையாசிரியரா நீங்கள்? 60 வயது நிறைய ஓராண்டு இருக்கும்போதே தணிக்கைத் தடைகளை, அதாவது கணக்குத் தணிக்கையில் எழுப்பப்பட்டு இன்னும் தீராத ஆட்சேபங்களை, தேடி எடுங்கள். முன்பு பொறுப்பில் இருந்த பள்ளிகளில் நிலுவையில் கிடப்பவற்றையும் சேர்த்துத்தான். அவற்றுக்குப் பதில் சொல்லத் தேவையான பழைய ரசீதுகளும் வவுச்சர்களும் அங்கேதான் இருக்கும். நேரில் போய்த் தேடினால்தான் கைக்கு வரும். இதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கடைசி மாதத்தில் அலைந்தவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். பணிப்பதிவேட்டில் பிறந்த தேதி, விடுப்புக் கணக்கு, நாமினி பெயர் மூன்றையும் உங்கள் கண்ணாலேயே சரிபாருங்கள். இருப்புப் பதிவேட்டின்படி பொருள்களை எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

மனம்தான் பெரிய வேலை. பிரிவு உபசார விழா எப்படியோ கடந்துவிடும். தாங்க முடியாதது ஜூனில் பள்ளி திறக்கும் முதல் காலை. வழிபாட்டு மணி நேரத்துக்குக் கால்கள் தாமாகவே வாசலுக்கு நடக்கும். அந்த வாரத்துக்கென்று இப்போதே ஒரு வேலையைக் குறித்து வையுங்கள். நெடுநாள் தள்ளிப்போட்ட ஊர்ப்பயணம், கண் பரிசோதனை, பேரப்பிள்ளையைப் பள்ளியில் கொண்டு விடுவது, எதுவானாலும் சரி. சில மாதங்களுக்குப் பழைய பள்ளிப் பக்கம் நீங்களாகப் போகாதீர்கள். புதியவர் அந்த நாற்காலியில் நிம்மதியாக அமரட்டும். சந்தேகம் கேட்டு அவர் போன் செய்தால் மட்டும், பொறுமையாக எல்லாவற்றையும் சொல்லிக்கொடுங்கள்.