பரிந்துரைக் கடிதம் கேட்கும் முன் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்

இந்திய அறிவியல் அகாதெமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைகள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். தயங்கித் தயங்கிக் கடைசி நாளில் கேட்டால், "ஒழுக்கமான மாணவி, நன்றாகப் படிப்பார்" என்று இரண்டு வரிதான் கிடைக்கும். தேர்வு செய்பவருக்கு அது எதையுமே சொல்லாது.

கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே ஆசிரியரிடம் கேளுங்கள். கூடவே ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: அவரிடம் படித்த பாடம், மதிப்பெண், முக்கியமாக ஆய்வகத்தில் நீங்களே கண்டுபிடித்துச் சரிசெய்த ஒன்று. "வேதியியல் டைட்ரேஷன் சோதனையில் அளவு மாறிக்கொண்டே வந்தது, கரைசலை அளந்து விடும் பியூரெட் குழாயின் முனையில் காற்றுக்குமிழி இருந்ததைப் பார்த்து வெளியேற்றினேன்" என்பதுபோல. கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன் நினைவூட்டுங்கள். கூச்சமே வேண்டாம், எந்த ஆசிரியரும் தவறாக நினைக்கமாட்டார்.