மூன்றாவது சிலிண்டரின் மௌனம்
அப்பா விட்டுச்சென்ற 1997ஆம் ஆண்டு கார், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) உள்ளது. கடலூர் முதுநகரில், துறைமுகத்தின் உப்புக்காற்று படும் எங்கள் வாசலில்தான் எப்போதும் நிற்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் காலையில் ஐடிலிங்கில், அதாவது நின்றபடியே இன்ஜின் ஓடும்போது, வண்டி முழுவதும் குலுங்கியது. ஒரு பட்டறையில் கார்புரேட்டரைக் கழுவி, ஐடிலிங் வேகத்தைக் கூட்டிக்குறைக்கும் ஐடில் திருகை ஏற்றிக் கொடுத்தார்கள். அது நோயை மறைத்ததே தவிரத் தீர்க்கவில்லை. எனக்குக் கோபமே வந்தது.

நானே இறங்கினேன். இன்ஜினை அணைத்து, சிலிண்டருக்குள் தீப்பொறி தரும் பிளக்குகளில் ஒன்றின் ஒயரைக் கழற்றி, அதில் பழைய பிளக் ஒன்றை மாட்டி இன்ஜின் உலோகத்தோடு இறுகக் கட்டிவிட்டு ஓடவிட்டேன். இப்படியே ஒவ்வொன்றாக. நான்கு சிலிண்டர்களில் 1, 2, 4 ஆகியவற்றில் குலுக்கல் இன்னும் மோசமானது. மூன்றாவதில் மாற்றமே இல்லை. வேலை செய்யாத சிலிண்டர் அதுதான். (ஓடும்போது ஒயரைத் தொடாதீர்கள், ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும்.) பிளக்கை இரண்டாவதோடு மாற்றிப் போட்டேன், பிறகு ஒயரையும். கோளாறு மூன்றை விட்டு நகரவில்லை. ஆக, பிளக்கோ ஒயரோ காரணமில்லை.

ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால், மூன்றாம் முனையில் பச்சைக் களிம்பு. அதிலிருந்து தலைமுடி அளவு மெல்லிய கரிக்கோடு. பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் அதன் வழியே கசிந்திருக்கிறது. ஈரமான காலைகளில் தொல்லை கூடியதற்கும் அதுவே காரணம்.

புது மூடியும் அதனுள் சுழலும் ரோட்டரும் போட்டு, ஒயர்களை சிலிண்டர்களில் தீப்பொறி விழும் 1-3-4-2 வரிசையில் செருகினேன். முக்கால்வாசி குலுக்கல் போயிற்று. மிச்சத்துக்குக் காரணம் விரிசல் விட்டு வெளிக்காற்றை உள்ளே விட்ட வாக்குவம் குழாய் (இன்ஜினின் உறிஞ்சுவிசை செல்லும் குழாய்). விரலால் நசுக்கியதும் இன்ஜின் சீரானது. அதையும் மாற்றிய பிறகுதான் ஐடில் திருகைத் தொட்டேன்.