ஐரோப்பிய மறுமலர்ச்சி: காரணம் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வணிகம் பெருகியது, கையில் பணம் சேர்ந்தது, கலை மலர்ந்தது." பழைய கிரேக்க, ரோமானியக் கலையும் கல்வியும் ஐரோப்பாவில் மீண்டும் தழைத்த மறுமலர்ச்சிக்குக் காரணம் கேட்டால் பலரும் இப்படித்தான் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இது பொய்யல்ல. ஆனால் பணம் யாரிடம் இருந்தது, அவர்கள் ஏன் அதைச் சிலைக்கும் ஓவியத்துக்கும் செலவழித்தார்கள் என்ற கேள்வி இதில் விடுபட்டுப்போகிறது. முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தைப் பாருங்கள். 1252 முதல் அந்த நகரம் அச்சடித்த புளோரின் என்ற தங்கக் காசுக்கு ஐரோப்பா முழுவதும் மதிப்பு இருந்தது. கம்பளித் துணியிலும் வங்கித் தொழிலிலும் செல்வம் குவிந்தது. அங்கே மன்னர் கிடையாது. ஆட்சிப் பதவிக்கு வர வேண்டுமானால் ஒரே தொழில் செய்வோர் சேர்ந்து அமைத்த ஏதாவது ஒரு தொழிற்குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டும். ஆகவே குழுவின் கௌரவமே ஊர் அரசியல். ஓர்சன்மிக்கேலே என்ற கட்டடத்தின் வெளிச்சுவரில் முக்கியக் குழுக்கள் புனிதர் சிலை வைக்க மாடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. பல மாடங்கள் வெறுமையாகவே கிடக்க, அவற்றை நிரப்ப 1406இல் நகர அரசு பத்தாண்டுக் கெடு விதித்தது. துணி வணிகர் குழு கிபெர்ட்டி என்ற சிற்பியைக் கொண்டு திருமுழுக்கு யோவானை வெண்கலத்தில் வார்த்து நிறுத்தியது. பளிங்கைவிட வெண்கலத்துக்குப் பல மடங்கு செலவாகும். வங்கியாளர் குழு சும்மா இருக்குமா? 1419இல் அதே சிற்பியிடம் மத்தேயு சிலைக்கு ஒப்பந்தம் போட்டது. யோவான் சிலைக்கு உயரத்தில் குறையக்கூடாது, கூடினாலும் சரி என்பது நிபந்தனை. நூறு பக்க விளக்கத்தைவிட இந்த ஒரு நிபந்தனை எனக்கு அதிகம் சொல்கிறது.

இத்தாலியின் ஜெனோவாவும் கடல் வணிகத்தில் கொழித்த நகரம்தான். ஆனாலும் 15ஆம் நூற்றாண்டில் கலையில் அது புளோரன்ஸுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பணம் மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அடுத்தது, அந்தக் காலம் முழுவதையும் பொற்காலமாக எண்ணிக்கொள்வது. 1340களில் பார்டி, பெருஸ்ஸி என்ற பெரும் வங்கிகள் திவாலாயின. 1348இல் வந்த கொள்ளைநோய் புளோரன்ஸ் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கொண்டுபோனது. 1378இல் கம்பளித் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்து சில வாரங்கள் ஆட்சியையே பிடித்தார்கள். புளோரன்ஸின் ஞானஸ்நானக் கோயிலுக்கு வெண்கலக் கதவு செய்யும் சிற்பியைத் தேர்ந்தெடுக்கப் புகழ்பெற்ற போட்டி நடந்தது 1401இல். அப்போது மிலான் கோமகனின் ஆதிக்கம் புளோரன்ஸைச் சூழ்ந்து நெருங்கிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு அவர் இறந்த பிறகே நகரம் மூச்சுவிட்டது. செழிப்போடு அச்சத்தையும் சேர்த்துச் சொல்லாத விளக்கம் பாதி விளக்கம்தான்.

1453இல் பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிள் துருக்கியரிடம் வீழ்ந்தது, கிரேக்க அறிஞர்கள் இத்தாலிக்கு வந்தார்கள், மறுமலர்ச்சி தொடங்கியது என்று மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே இது நிற்காது. பழைய இலத்தீன் நூல்களைத் தேடி மீட்ட கவிஞர் பெத்ரார்க் இறந்தது 1374இல். கிரேக்க அறிஞர் கிரிசொலோராஸ் புளோரன்ஸில் கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கியது 1397இல். புளோரன்ஸ் பேராலயத்துக்குக் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி எழுப்பிய குவிமாடம் முடிந்தது 1436இல். 1453 அந்த ஓட்டத்துக்கு வேகம் கூட்டியது. கிரேக்கரான கர்தினால் பெசாரியன் தம் கிரேக்க ஏடுகளை 1468இல் வெனிஸுக்குக் கொடையளித்தது அதன் பெரும்பயன்களில் ஒன்று. ஆனால் தொடக்கம் அதுவல்ல.

புரவலர்களை வெறும் கலை ரசிகர்களாக வரைவதும் சரியல்ல. வட்டி வாங்குவது பாவம் என்றது திருச்சபை. புளோரன்ஸின் மெடிசி குடும்பத்தின் செல்வமோ வங்கியிலிருந்து வந்தது. 1434இல் நாடுகடத்தலிலிருந்து திரும்பிய அக்குடும்பத் தலைவர் கோசிமோ, எந்தப் பட்டமும் இல்லாமலே நகரத்தைத் தன் பிடியில் வைத்திருந்தார். அவர் தம் செலவில் சான் மார்க்கோ மடத்தைப் புதுப்பித்துக் கொடுத்தார். ஓவியரும் துறவியுமான பிரா ஆஞ்செலிகோ அங்கிருந்த துறவிகளின் அறைகளில் சுவரோவியம் தீட்டினார். தனித்திருந்து செபிக்க கோசிமோவுக்கும் அங்கே ஓர் அறை இருந்தது. அதன் சுவரில் ஞானிகள் மூவர் தம் செல்வத்தைக் கொண்டுவந்து குழந்தை இயேசுவின் முன் மண்டியிடுகிறார்கள்.